நீருள் மறைந்த ஊர்

ஊர் வரலாறு என்றால் அரசர் பெயரும் ஆண்டுக் கணக்குமே எனக் கருதுவார் பலர். சிறுபிராய நினைவும் வரலாற்றுக்குச் சான்றாகும் என்பதற்குப் பிரித்தானியாவின் வேல்ஸ் நாட்டிலிருந்த காப்பெல் கெலின் என்னும் சிற்றூரை யான் எடுத்துக்காட்டுவேன்.

டிரவெரின் ஆற்றுப் பள்ளத்தாக்கில் அமைந்த அவ்வூரில் ஒரு பள்ளிக்கூடம், ஓர் அஞ்சலகம், ஒரு தேவாலயம், சில வீடுகள் ஆகியவையே இருந்தன. வீட்டிலும் வெளியிலும் வேல்ஸ் மொழியே வழங்கிற்று. ஆங்கில நகராகிய லிவர்ப்பூல் தன் நீர்த்தேவைக்கு அப்பள்ளத்தாக்கை விரும்பிற்று. 1956 இல் ஊரவர் தம் பிள்ளைகளையும் உடன்கொண்டு அந்நகர வீதிகளில் ஊர்வலஞ் சென்று முறையிட்டனர். வேல்ஸ் உறுப்பினருட் பெரும்பாலார் எதிர்த்தும், 1957 இல் பாராளுமன்றம் சட்டத்தை நிறைவேற்றியது. 1963 இல் பள்ளி மூடப்பட்டது. 1965 இல் ஊர் நீர்த்தேக்கத்துள் ஆழ்ந்தது.

அன்று ஊர்வலத்தில் நடந்த சிறுவர் சிலர் முதுமையிலும் அந்நாளை மறந்திலர்; கேட்டோர்க்கு எடுத்துரைத்தனர். 2005 இல் லிவர்ப்பூல் நகரசபை மன்னிப்புக் கோரியது. நினைத்திருப்போர் இலரேல், அம்மன்னிப்பை யாரிடம் கோருவது? கடுங்கோடையில் நீர் வற்றுங்கால் பழைய சுவர்களின் அடிப்பகுதி தோன்றும். அது யார் வீட்டுச் சுவரென்று சொல்லக் கல்லுக்கு வாயில்லை.

ஆதலின் என்போலும் ஆசிரியர்க்கு ஒன்று கூறுவேன். நும் மாணாக்கரைத் தத்தம் ஊரைப்பற்றி எழுதச் செய்க. வயல், கிணறு, ஒழுங்கை ஆகியவற்றின் பெயர்களை முதியோரிடம் கேட்டுக் குறிக்கச் செய்க. அவ்வேட்டின் அருமை இன்று தோன்றாது. ஊர் இல்லாத நாளிலேயே தோன்றும்.