பெயரடையும் வினையடையும்: ஆங்கிலத்தில் நம் பிள்ளைகள் தடுமாறும் இடம்

இன்றைய பேச்சு இலக்கணம் பற்றியது என்றதும் எழுந்து போய்விடாதீர்கள். இது வேலையோடும் சம்பளத்தோடும் தொடர்புடைய இலக்கணம்.

சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர் தோட்டம் ஒன்று கைமாறிய பின் ஈப்போவுக்குக் குடிபெயர்ந்த ஒரு குடும்பம். அந்த வீட்டுப் பையன் எஸ்.பி.எம். முடித்துவிட்டு, வேலைக்கு அனுப்பவிருந்த கடிதத்தை என்னிடம் காட்டினான். 'கடுமையாக உழைப்பேன்' என்று சொல்ல வந்தவன், 'ஐ வில் வொர்க் ஹார்ட்லி' என்று எழுதியிருந்தான். ஆங்கிலத்தில் 'ஹார்ட்லி' என்றால் 'ஏறக்குறைய இல்லை' என்று பொருள். கடிதத்தைப் படிக்கும் அதிகாரிக்கு, 'இவன் உழைப்பது சந்தேகம்தான்' என்றே தோன்றும். விடியும் முன்னே இருட்டில் பால்மரம் வெட்டப் போன தாயின் பிள்ளைக்கு இப்படி நேரலாமா?

பையன் படிக்காதவன் அல்லன். வினையடை வேண்டுமானால் 'லி' சேர்க்க வேண்டும் என்ற விதியை மனப்பாடம் செய்திருக்கிறான். தனக்குத் தெரிந்த தமிழோடு அதைப் பொருத்திப் பார்க்கத்தான் யாரும் சொல்லித் தரவில்லை.

தமிழ்ப்பள்ளியில் நாம் படித்ததுதான் இது. 'கவனமான தொழிலாளி' என்கிறோம். 'கவனமாக வெட்டுகிறார்' என்கிறோம். கத்தி ஆழமாக இறங்கினால் மரம் காயப்படும் என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். ஆங்கிலத்தில் அந்தத் தொழிலாளி 'கேர்ஃபுல்'. அவர் வெட்டுவதோ 'கேர்ஃபுல்லி'. 'ஆன' வரும் இடத்தில் வெறும் சொல், 'ஆக' வரும் இடத்தில் பெரும்பாலும் 'லி'. 'நல்ல' என்றால் 'குட்', 'நன்றாக' என்றால் 'வெல்'. 'ஹீ ஸ்பீக்ஸ் குட்' என்பது 'அவன் நல்ல பேசுகிறான்' என்பதைப் போன்றது. நம் காதே அதை ஏற்காது.

மலாயில் இந்த வேறுபாடு சொல்லின் வடிவில் தெரிவதில்லை. 'லாஜு' என்ற ஒரே சொல் 'வேகமான' என்பதற்கும் வரும், 'வேகமாக' என்பதற்கும் வரும். பெயரடையும் அங்கே 'ரூமா பெசார்' என்று பெயருக்குப் பின்னால் நிற்கும். 'பெரிய வீடு' என்று முன்னால் வைப்பதில் தமிழும் ஆங்கிலமும் ஒன்று. தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பினால் ஆங்கிலம் வராது என்று சொல்லும் பெற்றோர் இந்தப் பாடத்தையாவது கவனிக்க வேண்டும்.

ஆனால் ஓரிடத்தில் தமிழே நம்மைக் குழியில் தள்ளும். 'அவள் அழகாக இருக்கிறாள்' என்கிறோம். 'ஆக' இருக்கிறதே என்று 'பியூட்டிஃபுல்லி' போட்டால் தவறு. இங்கே செயல் எதுவும் நடக்கவில்லை; அடை அவளைப் பற்றியது. ஆகவே 'ஷீ இஸ் பியூட்டிஃபுல்'. அவள் அழகாகப் பாடினால்தான் 'பியூட்டிஃபுல்லி'. 'ஆக'வை அடுத்து நேராக 'இருக்கிறது' வந்தால் 'லி'யை மறந்துவிடுங்கள். 'குழம்பு ருசியாக இருக்கிறது' என்பதற்கு 'டேஸ்ட்ஸ் குட்' என்பதும் இதனால்தான்.

'லி'யை மட்டும் நம்புவதும் ஆபத்து. பழைய ஆங்கிலத்தில் 'உடல், வடிவம்' என்று பொருள்பட்ட ஒரு சொல்லின் தேய்ந்த உருவமே அது. அதனால் 'ஃப்ரெண்ட்லி' என்றால் நண்பனைப் போன்ற என்றாகும், அது பெயரடை. 'ஃபாஸ்ட்', 'ஹார்ட்', 'லேட்' மூன்றும் எதையும் சேர்க்காமலே வினையடையாகவும் வரும். 'லேட்லி' என்றால் தாமதமாக அல்ல, அண்மைக் காலமாக. 'ஃபாஸ்ட்லி' என்று இன்றைய ஆங்கிலத்தில் யாரும் எழுதுவதில்லை.

இடமும் முக்கியம். 'நன்றாக ஆங்கிலம் பேசுகிறான்' என்ற வரிசையில் 'ஸ்பீக்ஸ் வெல் இங்கிலிஷ்' என்று எழுதக்கூடாது. 'ஸ்பீக்ஸ் இங்கிலிஷ் வெல்' என்று கடைசியில் வரவேண்டும். 'மெல்ல மெல்ல' என்பதை 'ஸ்லோலி ஸ்லோலி' என்று நாம் சொல்வது ஈப்போ சந்தையில் இனிமையாகத்தான் இருக்கிறது. தேர்வுத் தாளில் வேண்டாம்.

அந்தப் பையனுக்கு இதையெல்லாம் சொல்லி முடிக்க அரை மணி நேரம் ஆனது. கடிதத்தில் அந்த 'லி'யை மட்டும் அடித்தான். பிறகு என்ன நினைத்தானோ, புதுத் தாள் ஒன்று கேட்டு வாங்கி முழுவதையும் திரும்ப எழுதினான்.