டெம்பரேச்சர் கன் பளபளப்பில் ஏமாறுவது ஏன்?

கோவையில் பீளமேட்டிலும் கணபதியிலும் உள்ள பம்ப், மோட்டார் பட்டறைகளில் டெம்பரேச்சர் கன் இன்று ஸ்பேனர் மாதிரி சாதாரணக் கருவி. ஓடி நின்ற மோட்டாரின் பெயின்ட் அடித்த உடம்பில் காட்டினால் 70 டிகிரி என்று சொல்லும். ஒரு சாண் தள்ளி, கடைந்து மெருகேறிய ஷாஃப்டில் காட்டினால் 40-ஐத் தாண்டாது. ஷாஃப்ட் ஆறிவிட்டது என்று நம்பித் தொட்டால் கை சுடும். கன் வாங்கிக்கொள்வது அந்தப் பரப்பு விடும் அகச்சிவப்புக் கதிரை. சூடு என்பது அதிலிருந்து அது போடும் கணக்கு. ஒரே சூட்டில் இருந்தாலும் எல்லாப் பரப்பும் ஒரே அளவு கதிர் விடாது. அந்தச் சூட்டில் விடக்கூடிய உச்சக் கதிரில் ஒரு பரப்பு விடும் பங்குதான் உமிழ்திறன். அதன் உச்சம் 1. பெயின்ட், ரப்பர், தோல் எல்லாம் 0.9-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். மெருகேற்றிய அலுமினியம் 0.1-ஐக்கூட எட்டாது. விலை குறைந்த கன்களோ எதைப் பார்த்தாலும் 0.95 என்றே வைத்துக் கணக்குப் போடும். உமிழ்திறன் 0.1 உள்ள உலோகம் 100 டிகிரியில் இருந்தாலும், 30 டிகிரி அறையில் திரையில் வருவது 40 சொச்சம்தான். வந்து சேரும் கதிரில் பெரும்பங்கு கூரையும் சுவரும் எதிரே நிற்கும் ஆளும் அதில் பட்டுத் திரும்புவது.

கொரோனா காலத்தில் நெற்றியில் பிடித்தபோது வேலை செய்ததே என்று கேட்கலாம். தோலின் உமிழ்திறன் 0.98 அளவு, நிறம் எதுவானாலும்; அங்கே கெடுத்தவை வெயிலும் வியர்வையும். விலை கூடிய கன்னில் உமிழ்திறனை மாற்றும் பட்டன் உண்டே என்பது இதைவிட வலுவான கேள்வி. ஆனால் 0.1-ஐ 0.15 என்று வைத்தாலே கணக்கு ஒன்றரை மடங்கு பிசகும். துருவோ எண்ணெயோ படிந்தால் அந்த எண்ணும் மாறிவிடும். பட்டனைத் திருகுவதைவிடப் பரப்பை மாற்றுவது மேல். பளபளக்கும் இடத்தில் கொஞ்சம் பெயின்ட் அடித்து, சூடேறவிட்டு அதில் காட்டலாம். வெள்ளையா கறுப்பா என்பது அகச்சிவப்புக்கு ஏறக்குறைய ஒன்றுதான். அந்தப் பெயின்ட் பொட்டு மட்டும் கன் பார்க்கும் வட்டத்தைவிடப் பெரிதாக வேண்டும். சிவப்பு லேசர் புள்ளி குறிகாட்டிதான், அந்த வட்டத்தின் அளவு அல்ல.

ஃபவுண்டரியில் இந்த வைத்தியம் செல்லாது. 1400 டிகிரி இரும்புக்கு யார் பெயின்ட் அடிப்பது? மேலே மிதக்கும் கசடுக்கு இரும்பைவிட உமிழ்திறன் அதிகம். அதனால், கன் போலவே கதிரை அளக்கும் பைரோமீட்டர் கசடைப் பார்த்தால் ஒரு எண், விலக்கிப் பார்த்தால் வேறு எண். அலைநீளம் குறைந்த கதிரை அளக்கும் பைரோமீட்டரில் இந்தப் பிசகு குறையும், ஒழியாது. எனவேதான் அட்டைக் குழாய் நுனி மாட்டிய, தொட்டுச் சூடு அளக்கும் தெர்மோகப்பிளை நேரே உருகலில் முக்குகிறார்கள், ஒரு முக்குக்கு ஒரு நுனி செலவானாலும்.