டிரெய்லரில் இருந்த பாட்டு படத்தில் எங்கே? டிக்கெட் காசு திரும்பி வராது!

செங்கல்பட்டு-

டிரெய்லரில் காட்டிய பாட்டு படத்தில் இல்லை. டிரெய்லரில் பறந்து பறந்து அடித்த கதாநாயகன், படத்தில் பாதி நேரம் உட்கார்ந்து அழுகிறான். "எங்க காசை எடு" என்று கவுண்ட்டரில் போய்க் கேட்க முடியுமா?

முடியாது. சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது.

செங்கல்பட்டு மாவட்டத்து ரசிகர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. மாமல்லபுரத்தில் இருந்து ஒரு குடும்பம் செங்கல்பட்டுக்கு வந்து படம் பார்க்க வேண்டும் என்றால், திருக்கழுக்குன்றம் வழியாக சுமார் 30 கிலோ மீட்டர் பஸ்சில் வரவேண்டும். இல்லாவிட்டால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே கானத்தூர் மாயாஜாலுக்குப் போகவேண்டும். நாலு பேருக்கு டிக்கெட், பஸ் சார்ஜ், இடைவேளையில் பிள்ளைகளுக்கு பாப்கார்ன் என்று நோட்டு நோட்டாகப் பறக்கிறது. அத்தனையும் எதை நம்பி? செல்போனில் பார்த்த இரண்டு நிமிஷ டிரெய்லரை நம்பி.

சாப்பிடாத பிள்ளைகள்

இந்த வழக்கைப் போட்டது தமிழ்நாட்டுக்காரர் அல்ல. மராட்டிய மாநிலம் அவுரங்காபாத்தைச் சேர்ந்த ஒரு ஆசிரியை.

2016-ம் ஆண்டு ஏப்ரலில் ஷாருக்கான் நடித்த 'ஃபேன்' என்ற இந்திப் படம் வந்தது. யஷ் ராஜ் பிலிம்ஸ் தயாரிப்பு. படம் வரும் முன்பே 'ஜப்ரா ஃபேன்' என்ற பாட்டை டி.வி.யிலும் இன்டர்நெட்டிலும் விடாமல் போட்டார்கள். பட்டிதொட்டி எல்லாம் அந்தப் பாட்டுதான்.

ஆசிரியை குடும்பத்தோடு தியேட்டருக்குப் போனார். படம் தொடங்கி முடிந்தது. பாட்டு வரவே இல்லை!

ஏமாந்துபோன பிள்ளைகள் அன்று ராத்திரி சாப்பிடவில்லை, வெறும் வயிற்றோடு கிடந்து அசிடிட்டி அதிகமாகி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டியதாகிவிட்டது என்று அவர் மனுவில் கூறி இருந்தார். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம். பிள்ளை பெற்றவர்களுக்கு வராது.

மாவட்ட நுகர்வோர் மன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. அம்மா விடவில்லை. மாநில கமிஷனுக்குப் போனார். 2017-ல் அங்கே அவருக்கு வெற்றி. நஷ்ட ஈடு 10 ஆயிரம் ரூபாய், செலவுத் தொகை 5 ஆயிரம் ரூபாய் கொடுக்கும்படி படக் கம்பெனிக்கு உத்தரவானது. கம்பெனி டெல்லியில் உள்ள தேசிய கமிஷனுக்குப் போனது. 2020-ல் அங்கேயும் ஆசிரியை பக்கமே தீர்ப்பு. பாட்டைக் காட்டி ஆள் பிடித்துவிட்டு, படத்தில் பாட்டை எடுத்துவிடுவது முறையற்ற வணிகம் என்று தேசிய கமிஷன் கருதியது.

15 ஆயிரம் ரூபாய் விவகாரம் சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. கம்பெனிக்கு 15 ஆயிரம் ஒரு பொருட்டா? ஒருவருக்குக் கொடுத்தால் நாளைக்கு ஊரே வரிசையில் நிற்கும். பயம் அதுதான்.

"டிரெய்லர் வேறு, டிக்கெட் வேறு"

2024-ம் ஆண்டு ஏப்ரல் 22-ந்தேதி நீதிபதிகள் பி.எஸ்.நரசிம்மா, அரவிந்த் குமார் ஆகியோர் தீர்ப்பு வழங்கினார்கள். கீழ்க் கமிஷன்களின் உத்தரவு ரத்து!

தீர்ப்பின் சாரம் இதுதான்:-

டிரெய்லர் என்பது ஒரு தரப்பார் தாமாக வெளியிடும் விளம்பரம். ஆளை தியேட்டருக்கு வரவழைப்பதுதான் அதன் வேலை. அதில் உள்ளது எல்லாம் படத்திலும் இருக்கும் என்று யாரும் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. டிக்கெட் வாங்கும்போது ஏற்படும் ஒப்பந்தம் தனி. டிரெய்லருக்கும் அதற்கும் முடிச்சுப் போட முடியாது. தவிர, சினிமா ஒரு கலை. கலையைப் படைப்பவருக்கு எதை வைப்பது, எதை எடுப்பது என்ற சுதந்திரம் உண்டு.

சட்டப்படி சரி. ஆனால் டிக்கெட் வாங்குபவன் சட்டப் புத்தகத்தைப் படித்துவிட்டா கியூவில் நிற்கிறான்? அரைக்கிலோ துவரம் பருப்பு வாங்கினால் மளிகைக் கடையில் கையில் அள்ளிப் பார்க்கலாம். சினிமாவை அப்படி அள்ளிப் பார்க்க முடியாது. காட்டுகிற மாதிரி ஒன்றே ஒன்று, டிரெய்லர். அதுவும் ஒப்பந்தத்தில் சேராது என்றால் எதைப் பார்த்துக் காசைக் கொடுப்பது?

அமெரிக்காவிலும் இதே தகராறு நடந்தது. 'எஸ்டர்டே' என்ற படத்தின் டிரெய்லரில் அனா டி அர்மாஸ் என்ற நடிகை வந்தார். படத்தில் அவரைக் காணோம். இரண்டு ரசிகர்கள் யுனிவர்சல் கம்பெனி மீது கேஸ் போட்டார்கள். டிரெய்லரும் ஒரு விளம்பரம்தான், பொய் விளம்பரச் சட்டத்தில் இருந்து அதற்கு விலக்கு இல்லை என்று 2022 டிசம்பரில் நீதிபதி சொன்னார். அதே நீதிபதி மறு ஆண்டு வேறு காரணம் காட்டி வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டார்.

வித்தியாசம் வருவது எப்படி?

எல்லா டிரெய்லரும் வேண்டும் என்றே ஏமாற்றுவது இல்லை. டிரெய்லரை வெட்டும்போது பல சமயம் படத்தின் எடிட்டிங்கே முடிந்திருக்காது. படம் நீளம் என்று கடைசி நேரத்தில் 20 நிமிஷத்தை வெட்டினால், டிரெய்லரில் வந்த காட்சியும் அதோடு போய்விடும். சென்சாரில் சில போகும். தியேட்டரில் ஓட்டும் டிரெய்லருக்குத் தனியாக சென்சார் சர்டிபிகேட் வேண்டும். யூடியூபில் போட அது தேவை இல்லை. அதனால் செல்போனில் கேட்ட வசனம் தியேட்டரில் 'கப்'பென்று ஊமையாகிவிடும். 2023-ல் 'லியோ' டிரெய்லரில் விஜய் பேசிய ஒரு கெட்ட வார்த்தை இப்படித்தான் தகராறாகி, பிறகு ஒலி நீக்கப்பட்டது.

மற்றபடி கைவேலையும் உண்டு. ஒருவர் பேசிய வசனத்தை இன்னொருவர் முகத்தின் மேல் ஓட்டுவது, முதல் பாதியில் ஓடுகிற காரையும் கிளைமாக்சில் வெடிக்கிற காரையும் ஒட்டிவிடுவது எல்லாம் டிரெய்லர் வெட்டுகிறவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

டெண்டு கொட்டகைக் காலத்தில் மாட்டு வண்டியில் தட்டி கட்டி, மைக்கில் கத்திக்கொண்டே நோட்டீசை வீசி எறிவார்கள். பின்னாலேயே பிள்ளைகள் ஓடும். பாட்டுப் புத்தகத்தில் கதைச் சுருக்கம் போட்டு, சரியான கட்டத்தில் நிறுத்தி, 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று முடிப்பார்கள். அதிலும் புளுகு உண்டு. ஆனால் மீதி என்று ஒன்று இருந்தது. இப்போது வருகிற சில டிரெய்லர்களில் முழுக் கதையும் வந்துவிடுகிறது. மீதிதான் இல்லை.

படமே வராத கதையும் உண்டு. விக்ரம் நடித்த 'துருவ நட்சத்திரம்' டீசர் 2017-ல் வந்தது. டிரெய்லர் 2023 அக்டோபரில் வந்தது. 2023 நவம்பர் 24-ந்தேதி ரிலீஸ் என்று போஸ்டரும் ஒட்டினார்கள். அன்று படம் வரவில்லை. 2024 ஜூலையில் வந்த 'இந்தியன் 2' படத்தின் கடைசியில் அடுத்த பாகத்தின் டிரெய்லரைச் சேர்த்து ஓட்டினார்கள். படத்தைவிட அந்த டிரெய்லர் தேவலை என்று பேசிக்கொண்டே வெளியே வந்தவர்கள் அநேகம். அந்த வருஷம் முடியும்வரை அடுத்த பாகம் எட்டிப் பார்க்கவில்லை.

நாற்காலி உடைப்பு

டிரெய்லர் வெறும் விளம்பரம்தான் என்று கோர்ட்டு சொன்னாலும் ரசிகர்கள் அப்படி நினைப்பது இல்லை. 2023 அக்டோபர் 5-ந்தேதி சென்னை கோயம்பேடு ரோகிணி தியேட்டரில் 'லியோ' டிரெய்லர் திரையிடப்பட்டது. படம் அல்ல, டிரெய்லர்! இரண்டே முக்கால் நிமிஷத்துக்கு உள்ளே ஒரே கூட்டம். நாற்காலி மேல் ஏறி ஆடினார்கள். ஆட்டம் முடிந்தபோது தியேட்டர் இருக்கைகள் ஏராளமாக உடைந்து கிடந்தன.

'செங்கல்பட்டு ஏரியா'

இந்த டிரெய்லர் மோகத்தில் பணத்தைக் கொட்டுகிற இன்னொரு கூட்டம் உண்டு. வினியோகஸ்தர்கள்.

சினிமா வியாபாரத்தில் 'செங்கல்பட்டு' என்றால் ஊர் அல்ல, ஒரு ஏரியா. சென்னை நகரம் தனி ஏரியா. அதைச் சுற்றி உள்ள தாம்பரம், கடற்கரைச் சாலை எல்லாம் செங்கல்பட்டு ஏரியா. வட ஆற்காடு, தென் ஆற்காட்டோடு சேர்த்து 'என்.எஸ்.சி.' என்பார்கள். சர்க்கார் கணக்கில் வட ஆற்காடு, தென் ஆற்காடு என்ற பெயர்கள் போய்விட்டன. செங்கல்பட்டு மாவட்டம்கூட நடுவில் இல்லாமல் போய், 2019 நவம்பரில்தான் மறுபடி வந்தது. கோடம்பாக்கத்துக் கணக்கில் மட்டும் பழைய வரைபடம் அப்படியே இருக்கிறது.

ஏரியாவை வாங்குகிறவரும் பெரும்பாலும் முழுப் படத்தைப் பார்த்துவிட்டு வாங்குவது இல்லை. நடிகர் பெயர், டீசருக்குக் கிடைத்த வரவேற்பு, அவ்வளவுதான். படம் படுத்தால் அவர் கதி?

அவருக்குச் சில சமயம் வழி பிறந்திருக்கிறது. 2002-ல் 'பாபா' சரியாகப் போகாதபோது ரஜினிகாந்த் வினியோகஸ்தர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். 2014 டிசம்பரில் 'லிங்கா' வந்து நஷ்டம் என்று வினியோகஸ்தர்கள் 2015 ஜனவரியில் சென்னையில் உண்ணாவிரதமே இருந்தார்கள். பேச்சுவார்த்தை நடந்தது. நஷ்டத்தில் ஒரு பகுதி கிடைத்தது.

கோடியில் ஏமாந்தவர் உண்ணாவிரதம் இருந்தால் பேச்சுவார்த்தை. நூறு, இருநூறில் ஏமாந்தவர் உண்ணாவிரதம் இருந்தால் வீட்டில்தான் திட்டு.

எதற்குப் புகார் செய்யலாம்?

டிரெய்லருக்குத்தான் வழி இல்லை. தியேட்டருக்குள் நடக்கும் மற்ற அநியாயங்களுக்குக் கேள்வி கேட்கலாம். நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் டிக்கெட் விற்றால் புகார் செய்யலாம். வெளிச் சாப்பாட்டைத் தடுக்க தியேட்டருக்கு உரிமை உண்டு, ஆனால் குடிதண்ணீர் இலவசமாகக் கொடுத்தே ஆகவேண்டும், கைக்குழந்தைக்கான உணவைத் தடுக்கக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2023 ஜனவரியில் சொல்லி இருக்கிறது. அந்த பெஞ்சிலும் இருந்தவர் நீதிபதி நரசிம்மா.

செங்கல்பட்டிலேயே மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 2019 சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம். டிக்கெட் பெங்களூரில் வாங்கியதாக இருந்தாலும் சரி. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டது என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்காமல் நீங்களே வாதாடலாம். சம்பவம் நடந்து 2 வருஷத்துக்குள் போடவேண்டும். டிக்கெட்டைக் கிழித்துப் போடாமல் வைத்திருக்க வேண்டும். செல்போன் டிக்கெட் என்றால் அழிக்கக்கூடாது.

25 நிமிஷம்

கடைசி எலெக்ட்ரிக் ரெயிலைப் பிடிக்க வேண்டியவர்கள் கவனிக்க வேண்டிய வழக்கு ஒன்று பெங்களூரில் நடந்தது. 2023 டிசம்பரில் ஒருவர் 4 மணி 5 நிமிஷக் காட்சிக்குப் போனார். விளம்பரமும் டிரெய்லரும் ஓடி முடிந்து, படம் தொடங்கியபோது மணி 4.30. என் நேரம் வீணாயிற்று என்று வழக்குப் போட்டார். நேரமும் பணம்தான் என்று சொல்லி, அவருக்கு 20 ஆயிரம் ரூபாய் நஷ்ட ஈடும் 8 ஆயிரம் ரூபாய் செலவுத் தொகையும் கொடுக்கும்படி 2025 பிப்ரவரியில் நுகர்வோர் ஆணையம் உத்தரவிட்டது. டிக்கெட்டில் படம் தொடங்கும் சரியான நேரத்தைப் போடவேண்டும் என்றும் சொன்னது.

தியேட்டர் கம்பெனி கர்நாடக ஐகோர்ட்டுக்குப் போனது. மறுமாதமே உத்தரவுக்குத் தடை விதிக்கப்பட்டது.