தாய்மொழியைக் கேலி செய்தவர்

தமிழ் விழா மேடைகளில் தமிழின் தொன்மையைப் பற்றி நாம் கேட்காத உரையில்லை. நானும் பேசிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். மேடையை விட்டு இறங்கியதும் நண்பர்களோடு எந்த மொழியில் அரட்டை அடித்தேன் என்பதை இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது. இந்தக் கூச்சத்தை எனக்கு உண்டாக்கியவர் அயர்லாந்தின் நாளிதழ்ப் பத்தியாளர் ஒருவர்.

அவருடைய இயற்பெயர் பிரையன் ஓ நோலன். 1911ஆம் ஆண்டு ஸ்ட்ரபேன் எனும் ஊரில், பன்னிரண்டு பிள்ளைகளுள் மூன்றாமவராகப் பிறந்தார். அப்போதே அயர்லாந்தின் பெரும்பாலான வீடுகளில் ஆங்கிலம் குடியேறிவிட்டிருந்தது. அவர் வீட்டிலோ ஐரிஷ் மொழியே ஒலித்தது. டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் படிக்கும்போது மாணவர் இதழில் எழுதியும் சொற்போர் மேடையில் பேசியும் பெயர் பெற்றார். 1935இல் அரசுப் பணியில் சேர்ந்தார். இரண்டே ஆண்டுகளில் தந்தை மறைய, பெரிய குடும்பத்தின் பாரம் அவர் தோளில் விழுந்தது.

'தி ஐரிஷ் டைம்ஸ்' நாளிதழுக்குப் பல புனைபெயர்களில் குறும்புக் கடிதங்கள் எழுதுவது அவர் வழக்கம். அவற்றின் சுவையைக் கண்ட ஆசிரியர் ஸ்மைலி, பத்தி எழுத இடம் கொடுத்தார். 1940 அக்டோபரில் 'குரூஷ்கீன் லான்' தொடங்கியது. 'நிறைந்த சிறு குடுவை' என்பது அதன் பொருள். அரசு ஊழியர் என்பதால் 'மைல்ஸ் நா கொப்பலீன்' எனும் பெயருக்குப் பின்னால் மறைந்துகொண்டார்.

போலித்தனம் எங்கிருந்தாலும் அவர் விடவில்லை. அலங்காரத்துக்காகப் புத்தகம் வாங்கி அடுக்கும் செல்வந்தர்களுக்கு ஒரு கற்பனைச் சேவையை அறிவித்தார். பணம் கொடுத்தால் ஆள் வந்து பக்கங்களை மடித்து, வரிகளுக்கு அடிக்கோடிட்டு, ஓரங்களில் குறிப்பெழுதிப் 'படித்த' புத்தகங்களாக்கித் தருவார்! கட்டணத்துக்கேற்பச் சேவையிலும் தரம் உண்டு.

ஆனால், அவருடைய எள்ளலுக்கு அதிகம் இலக்கானவர்கள் ஐரிஷ் மொழி ஆர்வலர்கள்தாம். 1922இல் தனிநாடு அமைந்தபின் ஐரிஷ் பள்ளிகளில் கட்டாயமாயிற்று. அரசு வேலைக்கும் தேவையாயிற்று. மொழி சான்றிதழில் ஏறியது, நாவில் ஏறவில்லை. 1941இல் அவர் ஐரிஷ் மொழியிலேயே எழுதிய 'அன் பேல் பொக்ட்' நாவல் இதைத்தான் தோலுரிக்கிறது. நம் வழக்கில் அத்தலைப்பைப் 'பஞ்சப்பாட்டு' எனலாம். அதில் தலைநகரிலிருந்து வரும் அறிஞர் ஒருவர், இருட்டில் பன்றி உறுமுவதை அரிய ஐரிஷ் என்று பதிவுசெய்து கொண்டுபோகிறார். புரியாதது எல்லாம் உயர்ந்த மொழி என்பது அவர் நம்பிக்கை. இன்னொரு காட்சியில் மொழி விழா நடக்கிறது. பேசுவோர் எல்லாரும் ஐரிஷ் மொழியில் ஐரிஷ் மொழியைப் பற்றியே பேசுகிறார்கள். அம்மொழியை உண்மையில் பேசிவரும் கிராமத்து ஏழைகளோ பசியால் சுருண்டு விழுகிறார்கள்.

இவரை மொழிப் பகைவர் என்று சொல்ல முடியுமா? அந்த மொழியில் சிரிக்க வைக்கும் அளவுக்குத் தேர்ச்சி இருந்ததால்தான் அவரால் இப்படி எழுத முடிந்தது. தொல்காப்பியர் நகைக்குக் கூறும் நான்கு காரணங்களுள் முதலாவது எள்ளல். அந்த எள்ளலுக்கும் வீட்டுக்காரனின் உரிமை வேண்டும்.

இருப்பினும், கதை வெற்றியில் முடியவில்லை. ஐரிஷ் மொழியில் தொடங்கிய அவர் பத்தி, சில ஆண்டுகளுக்குள் பெரும்பாலும் ஆங்கிலமாகிவிட்டது. அம்மொழியில் அவர் இரண்டாவது நாவல் எழுதவேயில்லை. அரசியல்வாதிகளைச் சீண்டிய பத்திகளும் குடிப்பழக்கமும் சேர்ந்து 1953இல் அவரைப் பணியிலிருந்து வெளியேற்றின. பத்தியை மட்டும் இறுதிவரை எழுதினார். 1966 ஏப்ரல் முதல் நாள், முட்டாள்கள் தினத்தன்று, காலமானார்.

கேலியால் ஒரு மொழியைக் காப்பாற்றிவிட முடியாது என்பதற்கு அவரே சான்று. ஆனால், புகழுரையாலும் முடியாது என்பதை அவரைப்போல் சிரித்துக்கொண்டே சொன்னவர் அரிது. தமிழைப் பற்றித் தமிழில் பேசுவது எளிது. தேர்வைப் பற்றி, காதலைப் பற்றி, கடன் தொல்லையைப் பற்றித் தமிழில் பேசுகிறோமா? சண்டையைத் தமிழில் போடுகிறோமா? அடுத்த விழாவில் ஒலிவாங்கியைப் பிடிக்கும் முன் இக்கேள்வியை முதலில் எனக்கே கேட்டுக்கொள்ளப் போகிறேன். விழா முடிந்து சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது நீங்கள் என்னைச் சோதித்துப் பார்க்கலாம்.