நாயக்கர் காலத்து கோபன்ஹேகன்

பால்டிக் கடலில் வலம் வரும் சொகுசுக் கப்பல்கள் கோபன்ஹேகனில் நிற்பது பெரும்பாலும் ஒரு பகல்தான். காலையில் இறக்கிவிடுவார்கள், சாயங்காலம் கிளம்பிவிடுவார்கள். பயண ஏற்பாட்டாளர்கள் எல்லாரையும் பேருந்தில் ஏற்றி முதலில் காட்டுவது கடற்கன்னி சிலை. 1913இல் வைத்தது, உயரம் ஒன்றேகால் மீட்டர். கூட்டத்துக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். கப்பல் லாங்கலீனியே துறையில் நின்றால் நடந்தே போய்ப் பார்க்கலாம், காசு கட்டிப் பேருந்து ஏற வேண்டாம்.

மதுரையிலிருந்து போகிறவர் பார்க்க வேண்டியது வேறு. அந்த ஊரின் பழைய கட்டடங்களில் சிறந்தவை பலவும் டென்மார்க்கின் நான்காம் கிறிஸ்டியன் மன்னர் எழுப்பியவை. 1588 முதல் 1648 வரை ஆண்டவர் அவர். நம் திருமலை நாயக்கர் 1623 முதல் 1659 வரை. இங்கே மகால் எழுந்தது 1636இல். அங்கே வட்டக் கோபுரத்தைக் கட்டத் தொடங்கியது 1637இல். கோபுரத்தினுள் படிகளுக்குப் பதிலாகச் சுற்றிச் சுற்றி ஏறும் சரிவுப் பாதை, நீளம் 209 மீட்டர். 1716இல் ரஷ்யாவின் மகா பீட்டர் அதில் குதிரையிலேயே ஏறிப் போனார். முழங்கால் வலி உள்ளவர்களும் நின்று நின்று ஏறிவிடலாம்; உச்சியில் மட்டும் கொஞ்சம் படிகள்.

கிறிஸ்டியன் மன்னர்தான் 1618இல் ஓவே கெட்டே தலைமையில் கப்பல்களைக் கிழக்கே அனுப்பினார். அவை வந்து சேர்ந்தது நம் சோழ மண்டலக் கரைக்கு. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கருடன் ஒப்பந்தமாகி, தரங்கம்பாடியில் டான்ஸ்போர்க் கோட்டை எழுந்தது. ரகுநாதர் டென்மார்க் மன்னருக்குத் தங்க ஓலையில் தமிழில் எழுதிய கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. போகிற போக்கில் நுழைந்து பார்க்கிற இடமல்ல அது. ஆனால் நியூஹாவ்ன் கால்வாயில் படகு ஏறினால், ஒரு மணி நேரச் சுற்றில் கிறிஸ்டியன்ஸ்ஹாவ்ன் கரையில் டேனிய ஆசிய வணிகக் கம்பெனியின் பழைய கட்டடங்களைப் பார்க்கலாம். அந்தத் துறைக்கு இன்றும் பெயர் ஆசியாட்டிஸ்க் பிளாட்ஸ். 1845இல் ஆங்கிலேயருக்கு விற்கும்வரை தரங்கம்பாடி டேனியரிடம்தான் பெரும்பாலும் இருந்தது.

இன்னொரு கட்டடத்தின் எதிரே கொஞ்ச நேரம் நில்லுங்கள். பொர்சன் என்னும் பழைய வணிக மாளிகை, அதுவும் கிறிஸ்டியன் கட்டியது. நான்கு டிராகன்களின் வால்களை முறுக்கிவிட்ட கூர்முனை அதன் மேல் நின்றது. 2024 ஏப்ரல் 16 அன்று மராமத்து நடக்கும்போதே தீப்பிடித்து அந்த முனை சரிந்து விழுந்தது. தெருவில் போனவர்கள்கூட உள்ளே ஓடி ஓவியங்களைத் தூக்கி வந்தார்கள். 2018 பிப்ரவரி 2 இரவு மீனாட்சி அம்மன் கோயில் வீரவசந்தராயர் மண்டபம் எரிந்ததைப் பார்த்த ஊர்க்காரருக்கு அந்தப் பதைப்பு புரியும். அந்த மண்டபமும் அதே காலத்தது, முத்துவீரப்ப நாயக்கர் எழுப்பியது. கல் தேடுவதிலும் தூண் செதுக்குவதிலும் அதைத் திரும்பக் கட்டும் நம் வேலை ஆண்டுக்கணக்கில் இழுத்தது. பழைய கட்டடத்தில் பிழைப்பு நடத்தலாம். தீயைத் தடுக்கும் ஏற்பாடு இல்லாமல் நடத்தக் கூடாது. இரண்டு ஊர்களுக்கும் இது பொருந்தும்.

நடைமுறைக்கு வருவோம். இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். அங்கே யூரோ அல்ல, குரோன். வங்கி அட்டை இருந்தால் போதும். குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம், வெறும் பாட்டிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சைவக்காரர்கள் கருத்த ரை ரொட்டியில் உருளைக்கிழங்கு அடுக்கித் தருவதைக் கேட்டு வாங்கலாம். சைக்கிள் பாதையில் மட்டும் நிற்காதீர்கள், வேகமாக வருவார்கள். கப்பலுக்குத் திரும்ப வேண்டிய நேரத்தைக் காலையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். தனியாகச் சுற்றப் போனவர்களுக்காகக் கப்பல் காத்திருக்காது.

கப்பலுக்குப் பணம் கட்டும் முன் ஒருமுறை மயிலாடுதுறை வழியாகத் தரங்கம்பாடி போய் வாருங்கள். டான்ஸ்போர்க் கோட்டையைப் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு கோபன்ஹேகன் அந்நிய ஊராகத் தெரியாது.