விசிறி எரிந்தால் செலவு யாருடையது?

கொல்கத்தா லேக் மார்க்கெட் பக்கம் வாடகைக்குக் குடியிருக்கும் குமாஸ்தா ஒருவர் வீட்டில், மே மாதப் புழுக்கத்தில் வீட்டுக்காரர் மாட்டித் தந்த மின்விசிறி எரிந்துபோகிறது என்று வைத்துக்கொள்வோம். புதியது வாங்க வேண்டியவர் யார்?

1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-ஆவது பிரிவு வழிகாட்டுகிறது. இயல்பான தேய்மானத்திற்குக் குடித்தனக்காரர் பொறுப்பாளியல்லர். வீட்டுக்காரர் செய்யக் கடமைப்பட்ட பழுதை, அறிவிப்புக் கொடுத்தும் நியாயமான காலத்தில் அவர் செய்யாவிட்டால், குடித்தனக்காரரே செய்து, செலவை வட்டியுடன் வாடகையில் கழிக்கலாம். ஆனால் ஒப்பந்தம் வேறாகச் சொன்னால் அதுவே செல்லும்.

கோபத்தில் வாடகையை நிறுத்துவது ஆபத்து. மேற்கு வங்கத்தின் 1997-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, பாக்கி வைப்பதே வெளியேற்ற வழக்கிற்குக் காரணமாகலாம்.

ஆகவே குடிபுகும் அன்றே விசிறி, பம்பு, குழாய் ஆகியவற்றைப் பட்டியலிட்டு, பழுது யார் பொறுப்பென்று எழுதி, இரு தரப்பும் கையொப்பமிடுவது நலம்.