பனியில் புதைந்த ஏரியல்

பின்லாந்தின் வடகோடியிலுள்ள லாப்லாந்தில் ஆண்டில் ஏறத்தாழ ஆறு மாதம் நிலம் பனிக்கு அடியில்தான் இருக்கும். நடுக்குளிர்காலத்தில் சில வாரங்கள் சூரியனே உதிப்பதில்லை. அமெச்சூர் வானொலி அன்பர்களுக்கு இந்த நீண்ட இரவே அறுவடைக் காலம். பகலில் 3.5, 7 மெகாஹெர்ட்ஸ் அலைகளை உறிஞ்சும் அயனி மண்டலத்தின் கீழடுக்கு இரவில் மறைந்துவிடுவதால், அவை வெகுதொலைவு செல்கின்றன. ஆனால் அப்போதுதான் அவர்களுடைய செங்குத்து ஏரியலின் அடிப்பகுதி பனியில் புதைந்து கிடக்கிறது. அது வேலை செய்யுமா?

செங்குத்து ஏரியல் என்பது அலைநீளத்தில் கால் பங்கு உயரமுள்ள உலோகத் தண்டு. 7 மெகாஹெர்ட்ஸுக்கு இது சுமார் 10 மீட்டர். தண்டின் அடியிலிருந்து, சக்கரத்தின் ஆரங்களைப் போலத் தரையில் பரப்பிய கம்பிகள் மின்னோட்டம் திரும்பி வர வழி செய்கின்றன.

விடை நீரின் மூலக்கூறில் இருக்கிறது. அதன் ஒரு முனை நேர் மின்தன்மையும் மறுமுனை எதிர் மின்தன்மையும் கொண்டது. திரவ நீரில் மூலக்கூறுகள் மின்புலத்திற்கு ஏற்ப எளிதில் திரும்புகின்றன; எனவே 0 டிகிரியில் அதன் மின்காப்பு மாறிலி சுமார் 88. பனிக்கட்டியிலோ அவை படிக அமைப்பில் பிணைக்கப்பட்டவை. நொடிக்குப் பல லட்சம் முறை திசை மாறும் வானொலி அலையின் புலத்தோடு அவற்றால் திரும்ப இயலாது. மாறிலி சுமார் 3.2 ஆகக் குறைகிறது. உலர்ந்த பனியில் பெரும்பகுதி காற்றே என்பதால் அதன் மாறிலி இன்னும் குறைவு. மின்சாரத்தையும் அது அநேகமாகக் கடத்துவதில்லை. ஆகவே ஒரு மீட்டர் ஆழமுள்ள உலர்ந்த பனியும் 43 மீட்டர் அலைநீளமுள்ள அலைக்குப் பெரிய தடையன்று.

தொல்லை தருவது பனி உருகும் நாள்தான். ஈரப்பனி தண்டின் அடியிலுள்ள மின்காப்பானைச் சூழ்ந்தால் மின்னோட்டம் கசிகிறது. மின்தேக்குத்திறன் கூடி ஒத்ததிர்வு அதிர்வெண் கீழிறங்குகிறது. அன்று அளவுமானியைப் பார்த்துத் தண்டை வெட்டிக் குறைத்துவிடக் கூடாது. மறுநாள் ஈரம் உறைந்தால் பழைய நிலை ஏறத்தாழ மீண்டுவிடும். வெட்டிய உலோகம் மீளாது.

உலர்ந்த பனிக்கும் ஒரு குறும்பு உண்டு. காற்றில் பறக்கும் பனித்துகள்கள் உராய்வினால் மின்னூட்டம் பெற்றுத் தண்டில் மோதுகின்றன. அந்த மின்னூட்டம் சேர்ந்து ஏற்பியில் இரைச்சலை எழுப்பும். சில வேளை கருவியையே கெடுத்துவிடும். தண்டின் அடியையும் தரையையும் ஒரு மின்தூண்டு சுருளால் இணைத்தால் போதும். தேங்கிய மின்னூட்டம் அதன் வழியே தரைக்கு இறங்கிவிடும்; வேகமாகத் திசை மாறும் வானொலி மின்னோட்டத்தையோ சுருள் தடுத்துவிடும்.

எனவே இலையுதிர் காலத்திலேயே ஆரக்கம்பிகளைப் பரப்பி, மின்காப்பானைப் பனி மட்டத்திற்கு மேலே உயர்த்தி, இணைப்புகளில் ஈரம் புகாமல் மூடிவிடுவதே அறிவுடைமை. ஏரியலுக்குப் பகை பனியன்று. அதிலிருந்து கசியும் நீரே.